புரோகிராமை நீக்குங்கள், செட்டிங்ஸை அல்ல!

ஒரு புரோகிராம் தகராறு செய்தால் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது நம் வழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன்.

என் அப்பா பத்திர எழுத்தர். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் வேலை செய்வார். பத்திரங்களில் திரும்பத் திரும்ப வரும் பாராக்களை ஆட்டோ டெக்ஸ்ட்டாகச் சேமித்திருந்தார். இரண்டு எழுத்து டைப் செய்து எஃப்3 கீயைத் தட்டினால் முழுப் பாராவும் வந்துவிடும். ஒருநாள் வேலையின் நடுவே கரண்ட் போனது. அதன்பின் புரோகிராம் திறக்கவில்லை.

அன்இன்ஸ்டால் செய்து மீண்டும் இன்ஸ்டால் செய்தேன். பிரச்சினை தீரவில்லை. மிச்சமிருந்த ஒரு போல்டரையும் ஷிப்ட் டெலீட் கொடுத்து அழித்தேன். புரோகிராம் திறந்தது. ஆனால் அப்பா, "வில்லங்கப் பாரா எங்கேப்பா?" என்றார். எட்டு வருட உழைப்பு போயிருந்தது.

காரணம் எளிது. புரோகிராம் இருப்பது புரோகிராம் பைல்ஸ் போல்டரில். நம் செட்டிங்ஸ் இருப்பது ஆப்டேட்டா என்ற மறைவான போல்டரில். லிப்ரே ஆபீஸை அன்இன்ஸ்டால் செய்தால் முதலாவது மட்டுமே போகும். பழுது செட்டிங்ஸில் இருந்தால் அதுவும் அப்படியே தங்கிவிடும்.

எனவே இப்படிச் செய்யுங்கள்:

1. புரோகிராமை மூடுங்கள். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்துங்கள். வரும் பெட்டியில் ஆப்டேட்டா என்பதை ஆங்கிலத்தில், முன்னும் பின்னும் பெர்சன்ட் குறியிட்டு, இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

2. லிப்ரே ஆபீஸ் போல்டரைத் திறந்து, அதனுள் 4 என்ற போல்டருக்குச் செல்லுங்கள். பதிப்பு எண் 24, 25 என்று வளர்ந்த பிறகும் இந்தப் பெயர் மாறவில்லை. அங்குள்ள யூசர் போல்டரை பென் டிரைவில் காப்பி செய்யுங்கள்.

3. இனி அன்இன்ஸ்டால் செய்து, மீண்டும் இன்ஸ்டால் செய்யுங்கள். பிரச்சினை தொடர்ந்தால் யூசர் போல்டரை அழிக்காமல், அதன் பெயரை மட்டும் மாற்றுங்கள். அடுத்தமுறை திறக்கும்போது புரோகிராமே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

4. புரோகிராமை மூடிவிட்டு, பழைய போல்டரிலிருந்து ஆட்டோ டெக்ஸ்ட், வேர்ட்புக் ஆகிய இரண்டு போல்டர்களை மட்டும் புதியதில் காப்பி செய்யுங்கள். இரண்டாவதில் நீங்கள் டிக்ஷ்னரியில் சேர்த்த சொற்கள் இருக்கும்.

எல்லா புரோகிராம்களும் இப்படி விட்டுவைக்காது. கூகுள் குரோமை நீக்கும்போது, பிரவுசிங் டேட்டாவையும் அழிக்கவா என்று ஒரு டிக் பெட்டி கேட்கும். அதைப் படிக்காமல் டிக் செய்யாதீர்கள்.

அப்பா இன்றும் அந்தப் பாராக்களை ஒவ்வொன்றாக டைப் செய்துகொண்டிருக்கிறார். காப்பி எடுக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.