மினிட் புத்தகம் யார் கையில்?

1886 ஏப்ரல் 5. லாகூரில் இருந்த ‘ஹோப் அண்ட் பெர்சிவியரன்ஸ்’ என்ற லாட்ஜில், அதாவது ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பின் கிளைச் சபையில், ஓர் இளம் பத்திரிகையாளர் உறுப்பினராகிறார். வயது 20. விதிப்படி 21 நிரம்பியிருக்க வேண்டும். தனி அனுமதி வாங்கி அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த பிறந்தநாள் வரைகூடக் காத்திருக்காமல் அப்படி என்ன அவசரம்? லாட்ஜுக்கு ஒரு நல்ல செயலாளர் வேண்டியிருந்தது. அந்த இளைஞர் ருட்யார்ட் கிப்ளிங்.

இந்தக் காரணத்தைச் சொன்னவர் கிப்ளிங்கேதான். அவர் காலமான மறு ஆண்டு, 1937-ல் வெளிவந்த தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆனால் அதே இடத்தில், தான் சேர்ந்தது 1885-ல் என்கிறார். அவர்கள் எதிர்பார்த்த செயலாளர் கிடைக்கவில்லை என்றும் சொல்கிறார். லாட்ஜின் பதிவேடோ 1886 என்கிறது. 1887 தொடக்கத்தில் அவர் செயலாளர் பொறுப்பை ஏற்றதும் பதிவாகியிருக்கிறது. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளருக்கே ஞாபகம் பிசகுகிறது. மினிட் புத்தகம் பிசகவில்லை. செயலாளர் பதவியின் அருமையைச் சொல்ல இது ஒன்றே போதும்.

தலைவர் வருவார், போவார்

லாட்ஜின் தலைவரான ‘மாஸ்டர்’ பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருவர். செயலாளர் அப்படியல்ல, ஒரே மனிதர் பத்து, இருபது ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருப்பது சகஜம். கூட்டத்துக்கு அழைப்பு அனுப்புவது, புதிதாகச் சேர விரும்புவோரின் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது, தலைமை அமைப்பான கிராண்ட் லாட்ஜுக்கு ஆண்டுதோறும் உறுப்பினர் பட்டியல் அனுப்புவது, வருகிற கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுவது எல்லாம் அவர் வேலை. இங்கிலாந்து லாட்ஜுகளில் அவர் கழுத்தில் தொங்கும் சின்னம், குறுக்காக வைத்துக் கட்டிய இரண்டு இறகுப் பேனாக்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே மினிட். நடந்ததை எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசித்து, சபை ஒப்புக்கொண்டபின் மாஸ்டரின் கையெழுத்து வாங்க வேண்டும். எதை எழுதக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். யாருக்கு எந்தப் படிநிலை வழங்கப்பட்டது என்பது ஏட்டில் ஏறும். சடங்கில் உச்சரித்த ரகசியச் சொற்கள் ஏறா. கிராமத்தில் கர்ணம் வைத்திருந்த கணக்கைப் போல, தகராறு வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது அந்த ஏட்டைத்தான்.

எழுதாமல் போன ஆறு ஆண்டுகள்

எழுத ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனே சாட்சி. உலகின் முதல் கிராண்ட் லாட்ஜ் 1717 ஜூன் 24 அன்று அங்கே ஒரு மதுக்கடையில் தொடங்கியது என்பார்கள். ஆனால் அதன் மினிட் ஏடு 1723 ஜூன் 24-ல்தான் ஆரம்பிக்கிறது. வில்லியம் கூப்பர் என்பவர் செயலாளரானது அன்றுதான். அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1738-ல் எழுதி வைத்த வரலாறு. தொடக்கம் 1717 அல்ல, 1721 என்று இன்றைய ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அந்த ஆறு ஆண்டுகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் இருந்திருந்தால் இந்த வழக்கே எழுந்திருக்காது.

எடின்பரோ லாட்ஜ் ஒன்றில் 1599 ஜூலையில் எழுதிய மினிட் இன்றும் இருக்கிறது. ஆகவே, எழுதி வைக்கும் பழக்கம் அன்று இல்லை என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது.

நம் பக்கத்துக்கு வருவோம். ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770-களில் திருச்சியில் ஃப்ரீமேசன் ஆனார். லண்டனிலிருந்து அவருக்குப் பாராட்டுக் கடிதமும் பரிசுகளும் வந்தன. அவர் பதில் எழுதினார். 1884 பிப்ரவரியில் கல்கத்தாவில் ‘ஆங்கர் அண்ட் ஹோப்’ லாட்ஜில் சேர்ந்தவர் நரேந்திரநாத் தத்தர், பின்னாளின் விவேகானந்தர். இவையெல்லாம் நம் கைக்கு வந்து சேர்ந்தது, பெயர் வெளியே தெரியாத யாரோ சில செயலாளர்கள் எழுதிப் பாதுகாத்ததால்தான்.

இனி என்ன கிடைக்கும்?

என் கவலை இங்கேதான். தடித்த அட்டை போட்ட மினிட் புத்தகம் லாட்ஜுகளிலிருந்து மறைந்துவருகிறது. அழைப்பு மின்னஞ்சலில் போகிறது; மினிட் செயலாளரின் சொந்த மடிக்கணினியில் ஏறுகிறது. கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும். கணினிப் பதிவைத் தேடுவது எளிது, எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பிரதியை எடுத்து வைப்பது யார்? அந்தச் செயலாளர் காலமானபின் வீட்டார் அந்தப் பழைய கணினியைக் காயலான் கடையில் போட்டால், ஒரு சபையின் இருபது ஆண்டுகள் அதோடு போய்விடும். பரணில் கிடந்த ஏட்டையாவது கரையான் கொஞ்சம் மிச்சம் வைக்கும்.

இது ஃப்ரீமேசன்களின் தலைவலி மட்டும் அல்ல. நம் ஊர் வாசகசாலை, சங்கீத சபா, கூட்டுறவுச் சங்கம் எல்லாவற்றுக்கும் இதே ஆபத்துதான்.

பெரிய செலவில்லாத வழி இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்தின் மினிட்டையும் அச்செடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஆண்டு முடிவில் பைண்டிங் செய்யுங்கள். ஒரு பிரதியைச் சபைக்கு வெளியே, ஒரு நூலகத்திலோ தலைமை அமைப்பிலோ ஒப்படையுங்கள். செயலாளருக்குப் பக்கத்தில் ஓர் இளைஞரை உதவிச் செயலாளராக உட்காரவைத்து இன்றே பழக்குங்கள். 20 வயதுப் பையனுக்காக விதியைத் தளர்த்திய லாகூர்க்காரர்களுக்கு இந்த வேலையின் மதிப்பு தெரிந்திருந்தது.