பக் நாயிடம் குட்டி எடுக்கலாமா?

பக், பிரெஞ்சு புல்டாக், பெக்கினீஸ் போன்ற தட்டைமுக நாய்களில், முகவெலும்பு தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து குறுக்கப்பட்டதே தவிர, அதனுள் அடங்க வேண்டிய மென்சதைகள் அதே அளவுக்குக் குறையவில்லை. இதனால் நாசித்துளைகள் ஒடுங்கியும், மென்னண்ணம் எனப்படும் மேல்வாயின் மெல்லிய பின்பகுதி நீண்டு குரல்வளையின் வாயில் தொங்கியும் காற்றுவழி அடைபடுகிறது. குறுமுக மூச்சுவழி அடைப்பு எனப்படும் இந்நிலையைக் கால்நடை மருத்துவர்கள் ‘போவாஸ்’ என்று சுருக்கி வழங்குகின்றனர். பாதங்களில் மட்டுமே சிறிதளவு வியர்க்கும் நாய், நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது என்பதால், காற்றுவழி ஒடுங்கிய நாய்க்குக் கோடைக்காலம் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பக் இனம் தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததன்று. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745இல் நிறைவுசெய்த தம் உருவப்படத்தில் அருகில் அமர்ந்திருக்கும் பக் நாய்க்கு, இன்றைய பக் நாய்களுக்கு இல்லாத நீண்ட மூக்கு தெளிவாகத் தெரிகிறது. 2003இல் ஹட்ச் செல்பேசி விளம்பரத்தில் சிறுவனைப் பின்தொடர்ந்து ஓடிய பக் இந்தியக் குடும்பங்களின் மனத்தைக் கவர்ந்த காலத்திலோ, இனம் ஏற்கெனவே முற்றிலும் தட்டைமுகமாகிவிட்டிருந்தது.

வீட்டில் வளரும் பக் ஒன்றிடம் குட்டி எடுக்க எண்ணுவோர் முதலில் ஐயுற வேண்டியது தம் காதுகளையே. குறட்டையும் கரகரப்பும் இந்த இனத்தின் இயல்பு என்று பழகிவிட்டவர்கள், நோயின் ஒலியை நாயின் குரலாகவே எடுத்துக்கொள்கின்றனர். இலண்டனின் அரச கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், போவாஸ் பாதிப்புடைய நாய்களின் உரிமையாளர்களுள் 58 விழுக்காட்டினர் தம் நாய்க்கு மூச்சுக் கோளாறு எதுவும் இல்லை என்றே கூறியிருந்தனர்.

ஆகவே இம்முடிவை மருத்துவச் சோதனையிடம் விடுவதே முறை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வகுத்து, பிரிட்டனின் கென்னல் கிளப் 2019 முதல் நடைமுறைப்படுத்திவரும் முறையில், மருத்துவர் முதலில் நாயின் தொண்டையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு, அதனை மூன்று நிமிடம் மிதமான வேகத்தில் ஓடவிட்டு, மீண்டும் கேட்கிறார். ஓய்வில் அமைதியாக இருந்த தொண்டை ஓட்டத்துக்குப் பின் கரகரக்கிறதா, மூச்சிழுக்க நாய் திணறுகிறதா என்பதைக் கொண்டு 0 முதல் 3 வரை தரமிடப்படுகிறது. 3ஆம் தரம் பெற்ற நாய் இனப்பெருக்கத்துக்கு ஆகாது. இந்தத் தரச்சான்று கிடைக்காத ஊரிலும், ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் கேட்டுப் பார்ப்பது எந்தக் கால்நடை மருத்துவருக்கும் இயலக்கூடியதே. நாசித்துளையை விரித்தும் மென்னண்ணத்தைக் குறைத்தும் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட நாய் நன்றாக மூச்சுவிடுவதைக் காட்டி அதனிடம் குட்டி எடுப்போரும் உண்டு. கத்தி அந்த நாயின் மூச்சைத் திருத்துமே ஒழிய, குட்டிகளுக்குச் செல்லும் மரபணுவைத் திருத்தாது.

மூச்சு நன்றாக இருந்தாலும், கருவிழிப் புண், குறையாக உருவான முதுகெலும்புக் கணுக்கள், இந்த இனத்தை இளம் வயதிலேயே கொல்லும் மூளை அழற்சி ஆகியவை அந்த நாயிடமோ அதன் உடன்பிறப்புகளிடமோ கண்டிருந்தால் எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது.

இவற்றுக்குப் பின்னும் பேறு என்னும் இடர் எஞ்சியிருக்கிறது. குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பெலும்பு வழி குறுகியது. 2010இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில் புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பாஸ்டன் டெரியர் இனங்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஈற்றுகள் சிசேரியனில் முடிந்திருந்தன. பக் நாய்களுக்கு அந்த அளவு தேவைப்படாவிடினும், குட்டியைச் சூழ்ந்த சவ்வைக் கிழித்துத் தொப்புள்கொடியைக் கடித்து அறுக்க வேண்டிய தாய்க்கு முகம் தட்டையாக இருப்பதால் அது கடினம்; அருகில் இருப்பவர் துணியால் சவ்வை நீக்கி மூக்கைத் துடைக்காவிட்டால் குட்டி மூச்சடைத்து இறக்கக்கூடும். பெட்டை ஒருமுறையாவது ஈன்றால்தான் உடலுக்கு நல்லது என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள், 18 மாதம் நிறையாத பெட்டையையும் எட்டு வயதைக் கடந்த பெட்டையையும் இணைசேர்ப்பதை விலக்குகின்றன. தமிழ்நாட்டின் 2024ஆம் ஆண்டுக் கொள்கை, நம் வெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பக், பிரெஞ்சு புல்டாக் ஆகியவற்றையும் இனப்பெருக்கம் செய்யக்கூடாத அயல் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அது நீதிமன்ற வழக்குக்கும் உள்ளானது. நெதர்லாந்தோ, மூக்கின் நீளம் மண்டை நீளத்தில் பத்தில் மூன்று பங்குக்கும் குறைந்த நாய்களை இணைசேர்ப்பதை 2019 முதல் தடுத்துவருகிறது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நம் வீடுகளில் உள்ள பக் நாய்களில் பெரும்பாலானவை தேறமாட்டா; ஓடவிட்டுச் சோதிக்கப்படாத பக் நாயிடம் குட்டி எடுக்காமல் இருப்பதே தக்கது.