குலுக்கிப் பிரிப்பது ஏன்?

புதிய மருத்துவம் உயிரைக் காத்ததா என்பது ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். தேனிக்குப் பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லில் 2000-இல் தொடங்கிய ஆய்வு அதற்குச் சான்று. 114 ஊர்த்தொகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில், 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பைவாயில் செவிலியர்கள் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, வெளுத்துத் தெரிந்த இடத்தை உறையவைத்துச் சிகிச்சை தந்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான மருத்துவம்தான். முதல் பாதியில் கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்ததை 2007-இல் லான்செட் இதழ் வெளியிட்டது.

மறுபாதிப் பெண்களுக்குச் சோதனை கிடைக்காதது நியாயமா? கனமான கேள்விதான். ஆனால் இந்தச் சோதனை மரணத்தைக் குறைக்கும் என்பது அன்று உறுதியாகவில்லை. விரும்பி வந்தவர்களை மட்டும் சோதித்திருந்தால், உடம்பைப் பேணுகிறவர்களே அதிகம் வந்து கணக்கைப் பொய்யாக்கியிருப்பார்கள். ஆய்வு பலனை உறுதிசெய்துவிட்டதால், தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் 30 வயது கடந்த பெண்களே, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இச்சோதனை இலவசம், செய்துகொள்ளுங்கள்.