ஒருபக்கம் சிப்காட், மறுபக்கம் யானைக்கூட்டம்: கிருஷ்ணகிரி தொழில் மாவட்டமா, காட்டு மாவட்டமா?

ஓசூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சிப்காட், டிவிஎஸ், அசோக் லேலண்ட், ஞாயிறு ராத்திரி பெங்களூரு பஸ் கூட்டம். ஆனால், இதே மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் சிங்காரப்பேட்டையில் நின்றால் காட்சியே வேறு. எதிரே ஜவ்வாது மலை, சுற்றிலும் மாந்தோப்பு. இரண்டு ஊருக்கும் நடுவே சாலையில் 100 கி.மீ.க்கு மேல். இந்த இரண்டில் எது நிஜமான கிருஷ்ணகிரி?

மலையும் கணவாயும்

2004 பிப்ரவரியில் தருமபுரியில் இருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பரப்பு சுமார் 5,143 சதுர கி.மீ. அதில் ஏறக்குறைய 40% காடு. ஆமாம், தொழிற்பேட்டைகளுக்குப் பெயர்போன இந்த மாவட்டத்தில்தான்!

மேற்கே ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை எல்லாம் பீடபூமி மேலே இருப்பவை. அதனால்தான் அங்கே அந்தக் குளிர். அங்கிருந்து கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை என்று கிழக்கே வரவர நிலம் இறங்கிக்கொண்டே வரும். மலைகளுக்கு நடுவே கீழ்நாட்டுக்கு வழிவிடும் இடம் சிங்காரப்பேட்டை. இந்தப் பகுதியின் பழைய பெயர் பாராமகால். மைசூர் படைகளும் ஆங்கிலேயர் படைகளும் இந்த வழியைப் பயன்படுத்தின. கணவாய்க்கு அப்பால் உள்ள செங்கத்தில் 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் மோதினார்கள். இன்று அதே வழியில் போவது கிருஷ்ணகிரி - திருவண்ணாமலை நெடுஞ்சாலை.

மூன்று மாநிலம், நான்கு மொழி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே இருப்பவர்கள் 18.79 லட்சம் பேர். நான்கில் மூன்று பங்குக்கும் மேல் கிராமத்துக்காரர்கள். கர்நாடகமும் ஆந்திரமும் ஒட்டியிருப்பதால் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது என்று நான்கு மொழியும் சகஜமாகப் புழங்கும். ஓசூர் சந்தையில் ஒரே பேரத்தில் மூன்று மொழி மாறினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காட்டை ஒட்டிய அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் இருளர்கள், கிழக்கே ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையில் ஆள்பவர்கள், வாழ்பவர்கள் என்று அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள்).

கூத்தும் எருதும்

வெயில் காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. பகலில் கதை சொல்லி, இரவில் தெருக்கூத்து ஆடி, கடைசியில் மண்ணால் செய்த பெரிய துரியோதனனைப் படுகளத்தில் வீழ்த்தி, தீமிதியோடு முடியும். தை பிறந்தால் எருது விடும் விழா. இது ஜல்லிக்கட்டு மாதிரி இல்லை. ஓடிவரும் காளையின் கொம்பில் கட்டிய பரிசைப் பறிக்க வேண்டும். இதற்கு அனுமதி தாமதமானது என்று 2023 பிப்ரவரியில் ஓசூர் அருகே கோபசந்திரத்தில் இளைஞர்கள் நெடுஞ்சாலையையே மறித்தார்கள். அந்த அளவுக்கு இங்கே எருது உணர்வுபூர்வமான விஷயம்.

சரி, சிக்கல் எங்கே?

ராகியில்! மேற்குப் பகுதி மானாவாரி நிலங்களின் முக்கியப் பயிர் அதுதான். கதிர் முற்றும் ஐப்பசி, கார்த்திகையில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டில் இருந்து யானைகள் ஜவளகிரி வழியாக வர ஆரம்பிக்கும். சானமாவு வரை வந்துவிடும். இது யானைகளின் வழக்கமான வலசை. நடுவில் இப்போது நான்குவழிச் சாலை, லேஅவுட், தொழிற்சாலைச் சுவர் எல்லாம் வந்துவிட்டன. வழி அடைபட்ட கூட்டம் வயலுக்குள் திரும்புகிறது.

ஆறு மாத உழைப்பு ஒரே ராத்திரியில் போய்விடும். அதனால் விவசாயிகள் பரண் கட்டி, பட்டாசோடு விடிய விடியக் காவல் இருக்கிறார்கள். சிலர் சட்டவிரோதமாக வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். 2023 மார்ச்சில் பக்கத்து தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படியொரு வேலியில் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன.

அரசு என்ன செய்திருக்கிறது?

2014-ல் காவிரி வடக்கு, 2022 நவம்பரில் காவிரி தெற்கு என்று இரண்டு வனவிலங்கு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. தெற்கு சரணாலயம் மட்டும் 686 சதுர கி.மீ. கர்நாடகத்தின் காவிரி சரணாலயத்தோடு இது தொடர்ச்சியை உண்டாக்குகிறது. காட்டோரத்தில் சில இடங்களில் இரும்புக் கம்பிவட வேலியும் போட்டிருக்கிறார்கள். ஆனால் சரணாலயம் காட்டைக் காக்கும். காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே உள்ள பட்டா நிலத்தை யார் காப்பது? அங்கே ஒரு லேஅவுட் வந்தாலே யானையின் பாதை மாறும், அடுத்த ஊர்க்காரரின் தூக்கம் போகும்.

ஆக, தொழில் மாவட்டமா, காட்டு மாவட்டமா என்ற கேள்விக்குப் பதில்: இரண்டும்தான். வேலையும் வாடகையும் ஓசூரில் பெருகட்டும், நல்லதுதான். ஆனால் அந்த வளர்ச்சிக்கான விலையில் ஒரு பங்கை பரணில் உட்கார்ந்திருப்பவரும் கொடுக்கிறார். அடுத்த முறை சூப்பர் மார்க்கெட்டில் ‘மில்லட்’ பாக்கெட் எடுக்கும்போது, அவருக்கு வர வேண்டிய பயிர் இழப்பீடு ஒழுங்காக, சீக்கிரமாக வருகிறதா என்றும் கேட்டுப்பாருங்கள்.