15-ஆம் எண்: முன்னோர் பட்டியலும் மரபணு மென்பொருளும்

1

வம்சாவளி எழுதுவது ஒரு காலத்தில் ராஜாக்களுக்கும் பாளையக்காரர்களுக்கும் மட்டுமே வாய்த்த காரியம். காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் பாளையக்காரர் வம்சாவளிகளைப் பார்க்கலாம். அவர்களுடைய நிலத்தை உழுதவர்களுக்கு வம்சாவளி கிடையாது. இப்போது நிலைமை மாறிவிட்டது என்கிறார்கள். ஒரு குப்பியில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் போதும், மரபணுவைப் படித்து, 'இவர்களெல்லாம் உன் சொந்தக்காரர்கள்' என்று ஆயிரக்கணக்கான பெயர்களை ஒரு நிறுவனம் நீட்டுகிறது. அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு முன்னோர்களை வரிசைப்படுத்தித் தர மென்பொருள்கள் இருக்கின்றன. ஆக, எல்லோருக்கும் வம்சாவளி. ஜனநாயகம் வந்துவிட்டதல்லவா?

வந்ததா இல்லையா என்று சொல்வதற்கு முன்னால் அந்த மென்பொருளுக்குள் கிடக்கிற பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். 'அது தொழில்நுட்பம், தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்' என்று ஒதுங்கிவிடுவது நம்மிடையே சகஜம். ஆனால் எந்தப் படிவமும் நாம் அதை நிரப்ப உட்காரும் முன்பே சில முடிவுகளை எடுத்து முடித்திருக்கிறது. யார் தகப்பன், எது குடும்பம், எந்தப் பேச்சு சாட்சியம் என்பவை அந்த முடிவுகளில் அடக்கம்.

2

கணக்கு ரொம்ப எளிது. நீங்கள் 1. அப்பா 2, அம்மா 3. அப்பாவைப் பெற்றவர்கள் 4, 5. அம்மாவைப் பெற்றவர்கள் 6, 7. எவருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய தகப்பன் எண் வரும். அதோடு ஒன்றைக் கூட்டினால் தாய். உங்களை விட்டுவிட்டால் ஆண்கள் எல்லாம் இரட்டைப்படை, பெண்கள் எல்லாம் ஒற்றைப்படை. தகப்பன் வழியாக மகனுக்கு மட்டுமே போகிற ஒய் குரோமோசோம் 2, 4, 8, 16 என்று ஓடும். தாய் வழியாக மட்டுமே வருகிற மைட்டோகாண்டிரியா மரபணு 3, 7, 15, 31 என்று ஓடும். மரம் வரையத் தேவையில்லை. எண்ணைப் பார்த்தே உறவைச் சொல்லிவிடலாம். கணிப்பொறிக்கு இதைவிடத் தோதான முறை வேறில்லை.

ஆனால் இது கணிப்பொறிக்காகப் பிறந்ததல்ல. 1590-ல் கொலோன் நகரில் மிக்காயேல் ஐட்ஸிங்கர் இப்படி எண்ணிட்டார். 1676-ல் ஸ்பானியத் துறவி ஹெரோனிமோ டி ஸோசா இதைக் கையாண்டார். 1898-ல் ஸ்டெஃபான் கெகுலே ஃபான் ஸ்ட்ராடோனிட்ஸ் பரவலாக்கினார். பென்சீன் வளையத்தின் அமைப்பைச் சொன்ன வேதியியலாளர் ஆகஸ்ட் கெகுலேயின் மகன் இவர். அப்பன் கரி அணுக்களை அடுக்கினார், பிள்ளை பிரபுக்களை அடுக்கினார். 16 முதல் 31 வரையுள்ள பதினாறு பேரும் பிரபுக்கள்தான் என்று காட்டினால்தான் ஐரோப்பாவின் சில கௌரவ அமைப்புகளில் கால் வைக்க முடியும் என்றிருந்த உலகத்துக்கான கருவி இது.

இந்தக் கருவியை அப்புறம் யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். 1933 ஏப்ரலில் நாஜி அரசு யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கியபோது 4, 5, 6, 7 ஆகிய நான்கு கட்டங்களில் ஒன்றில் யூதர் இருந்தாலே போதும் என்றது. எஸ்.எஸ். படையில் சேருகிறவன் 1800 வரைக்கும், அதிகாரி என்றால் 1750 வரைக்கும் பட்டியலைச் சுத்தமாகக் காட்ட வேண்டும். முன்னோர் பட்டியல் அடையாளச் சீட்டானது. சீட்டு இல்லாதவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

3

இனி, இந்தப் பட்டியல் அடிமைப்படுத்தப்பட்டவர்களிடம் வரும்போது என்ன ஆகிறது என்று பார்ப்போம். எஸ்டன் ஹெமிங்ஸ் என்பவரை 1 என்று வைத்துக்கொள்வோம். 1808-ல் வர்ஜீனியாவில், மாண்டிசெல்லோ தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தவர். 3-ஆம் எண் அவர் அம்மா ஸாலி ஹெமிங்ஸ், அடிமை. 2-ஆம் எண் தாமஸ் ஜெபர்சன். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற பிரகடனத்தை எழுதியவர், அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர், ஸாலியின் எஜமான்.

1662-ல் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் போட்டார்கள். இங்கிலாந்தின் வழக்கப்படி பிள்ளையின் நிலை தகப்பனைப் பொறுத்தது. கறுப்பினப் பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு மட்டும் அதைத் திருப்பிப் போட்டார்கள்: தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. எஜமான் தன் பிள்ளையையே தன் சொத்தாக வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். நம்முடைய எண்முறையில் சொன்னால், அடிமைகளின் பட்டியலில் இரட்டைப்படை எண்களைச் சட்டமே காலி செய்தது. ஜெபர்சன் தன் தோட்டக் கணக்கேட்டில் ஸாலியின் பிள்ளைகளை எழுதி வைத்தார். தகப்பன் பெயரை எழுதவில்லை.

மேலே போவோம். 4, 5 ஜெபர்சனைப் பெற்றவர்கள்; அவர்களுக்குப் பின்னால் 8 முதல் 11 வரை நான்கு பேருக்கும் பெயர் இருக்கிறது. 6-ஆம் எண் ஜான் வெய்ல்ஸ், ஸாலியின் தகப்பன், தோட்ட முதலாளி. ஜெபர்சனின் மனைவி மார்த்தாவுக்கும் இவர்தான் தகப்பன். மார்த்தாவும் ஸாலியும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள், ஒருத்தி இன்னொருத்தியின் உடைமை. 12, 13 அவருடைய இங்கிலாந்துப் பெற்றோர், பெயர் இருக்கிறது. 7-ஆம் எண் எலிசபெத் ஹெமிங்ஸ், ஸாலியின் அம்மா. 14 ஹெமிங்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவன். 15 ஓர் ஆப்பிரிக்கப் பெண். அவளுக்கு மட்டும் பெயரில்லை.

சில மென்பொருள்கள் பட்டியல் எத்தனை விழுக்காடு 'முழுமை' என்று தலைமுறைவாரியாகக் கணக்குப் போட்டுக் காட்டும். இந்தத் தலைமுறையில் எட்டுக்கு ஏழு, 87.5 விழுக்காடு. முதல் வகுப்பில் தேர்ச்சி! அந்த வம்சத்தை ஆப்பிரிக்காவோடு இணைக்கிற ஒரே ஆள் அந்த மிச்ச 12.5 விழுக்காட்டில் இருக்கிறாள் என்பதைக் கணக்குச் சொல்லாது.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமை அட்டவணைகளில் எஜமானின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்று வரிசைகள் இருக்கும். அடிமைகளுக்குப் பெரும்பாலும் பெயர் இருக்காது. விடுதலையடைந்தவர்கள் எல்லோரும் பெயரோடு வருகிற முதல் கணக்கெடுப்பு 1870-ல் எடுத்தது. பரம்பரை தேடுகிற கறுப்பின மக்கள் இதைச் சுவர் என்கிறார்கள்.

4

சுவரை மரபணு உடைக்குமா? கொஞ்சம் உடைக்கும். எப்படி என்று பார்க்கலாம். இரண்டு பேர் பங்குபோடும் மரபணுத் துண்டுகளின் நீளத்தைச் சென்டிமார்கன் என்ற அளவில் சொல்வார்கள். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்குள் சராசரியாக 870 வரை இருக்கும். ஆனால் 1,700 என்று ஓர் எண் வந்தால் அவர் தாத்தாவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், ஒரு பெற்றோரை மட்டும் பங்குபோடும் உடன்பிறப்பாகவும் இருக்கலாம். எண் பெயர் சொல்லாது. தூரம் போகப் போக எண்ணே இல்லாமல் போகும்: எள்ளுத்தாத்தாவின் பெற்றோர் வழியில் உறவாகும் நான்காம் விட்டத்துச் சொந்தங்களில் பாதிப்பேரிடம் பொதுத்துண்டு எதுவுமே தெரியாது. பத்துத் தலைமுறைக்கு முன்னால் பட்டியலில் 1,024 கட்டங்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் மரபணு உங்களிடம் துளிகூட இல்லை. அவர்கள் உங்கள் முன்னோர் இல்லையா? முன்னோர்தான். ரத்தமே வம்சம் என்று பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எனவே மேலிருந்து கீழே வர முடியாதவர்கள் கீழிருந்து மேலே போகிறார்கள். தனக்குப் பொருந்துகிற சொந்தங்களை, அவர்களுக்குள் யார் யாரோடு பொருந்துகிறார்கள் என்று பார்த்து வண்ணம் வண்ணமாகப் பிரிக்கிறார்கள். 2018-ல் டானா லீட்ஸ் என்பவர் எளிமையாக்கிய இந்த முறையில் நான்கு தாத்தா பாட்டிகளுக்கு நான்கு கும்பல் கிடைக்கும். பத்திரமே இல்லாத இடத்தில் உயிரோடு இருக்கிற மனிதர்களே பத்திரமாகிறார்கள். மென்பொருளின் உண்மையான பயன் என்று நான் கருதுவது இதைத்தான்.

ஜெபர்சன் விஷயத்தில் 1998-ல் நடந்தது வேறு சோதனை. அவருடைய பெரியப்பா வழி ஆண்வாரிசுகளின் ஒய் குரோமோசோமும் எஸ்டனின் ஆண்வாரிசு ஒருவருடையதும் பொருந்தின. இது சொல்வது 'ஜெபர்சன் வம்சத்து ஆண் ஒருவன்' என்பதை மட்டும்தான். ஸாலி கருவுற்ற சமயங்களிலெல்லாம் ஜெபர்சன் அங்கேதான் இருந்தார் என்கிற ஆவணங்களோடும், எஸ்டனின் அண்ணன் மாடிசன் ஹெமிங்ஸ் 1873-ல் ஓஹையோ பத்திரிகை ஒன்றில் சொன்ன வாக்குமூலத்தோடும் சேர்த்துப் படித்தபோதுதான் 2-ஆம் எண்ணுக்குப் பெயர் வந்தது. 15-ஆம் எண்ணைப் பற்றி நமக்குத் தெரிவதும் அதே வாக்குமூலத்தால்தான். மாடிசன் எல்லாவற்றையும் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். நூறாண்டுக்கு மேல் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் நம்பவில்லை. அடிமையின் பேச்சைத் தள்ளிவிட்டு எஜமான் குடும்பத்தின் பேச்சை எடுத்துக்கொண்ட இந்தப் பாரபட்சத்தை ஆனெட் கார்டன்-ரீட் 1997-லேயே, மரபணுச் சோதனைக்கு முன்பே, புத்தகமாக எழுதிக் காட்டினார். அறிவியல் கண்டுபிடித்தது என்கிறோம். கறுப்பு வாய் சொன்னதை வெள்ளைக் காது கேட்பதற்கு ஒரு குரோமோசோம் தேவைப்பட்டது என்பதே சரி.

15-ஆம் எண்ணின் மைட்டோகாண்டிரியா எலிசபெத் வழியாக ஸாலிக்கும், ஸாலியின் மகள் ஹாரியட்டுக்கும் வந்தது. ஹாரியட் 1822-ல் மாண்டிசெல்லோவை விட்டுப் போய் வெள்ளைக்காரியாக வாழ்ந்தார். அவருடைய வாரிசுகள் இன்னும் அடையாளம் காணப்படவில்லை.

5

நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. வம்சாவளிக் கோப்புகள் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு ஜெட்காம் என்ற பொதுவடிவம் உண்டு. 1984-ல் மார்மன் திருச்சபை உருவாக்கியது. இறந்துபோன முன்னோர்களுக்குப் பதிலாளை வைத்து ஞானஸ்நானம் கொடுக்கிற சபை அது, ஆகவே பட்டியல் அதற்கு இறையியல் தேவை. அந்த வடிவத்தில் 'குடும்பம்' என்றால் கணவன் என்று ஒரு குறி, மனைவி என்று ஒரு குறி, பிள்ளை என்று ஒரு குறி. 2021-ல் வந்த ஏழாம் பதிப்பு, பால் பார்க்காமல் எந்தத் துணைக்கும் இவை பொருந்தும் என்று விளக்கம் சொன்னது. குறிகள் அப்படியே இருக்கின்றன. ஜெபர்சனையும் ஸாலியையும் உள்ளே போட்டால் 'கணவன்', 'மனைவி' என்றுதான் கோப்பு எழுதிக்கொள்ளும். மறுக்கிற உரிமையே இல்லாத பெண் பத்தினியாகிறாள், பலாத்காரம் இல்லறமாகிறது. 

அதே ஜெட்காமில் சாதிக்கென்று தனியாக ஒரு குறி இருக்கிறது. நாம் கேட்காமலே நமக்குக் கட்டம் ஒதுக்கிவிட்டார்கள்! நம் ஊரில் ஒருவர் இந்தப் பட்டியலை நிரப்ப உட்கார்ந்தால் முதலில் குடும்பப்பெயர் என்ன என்று கேட்கும். தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிற நம்மவர் முழிப்பார். சாதிப்பெயரை அங்கே கொண்டுபோய் வைக்க அதிக நேரமாகாது. அக்காள் மகளைக் கட்டிய அப்பா என்றால் இன்னொரு சிக்கல்: அம்மாவின் அம்மா (7) அப்பாவுக்கு அக்காள், ஆகவே அவளைப் பெற்ற 14, 15-ம் அப்பாவைப் பெற்ற 4, 5-ம் ஒரே ஆட்கள். ஒருவருக்கு இரண்டு எண். சென்டிமார்கன் கணக்கும் உறவை இருப்பதைவிட நெருக்கமாகக் காட்டும்.

சாதிப் பெருமை பேசுகிறவர்கள் உண்மையில் 2, 4, 8, 16, 32 என்ற ஒற்றைக் கொடியைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். ஐந்தாம் தலைமுறையில் இருப்பவர்களோ 32 பேர். மீதி 31 பேரும் அதே சாதிக்குள் இருந்தாக வேண்டும் என்று பெண்ணின் திருமணத்தைக் காவல் காப்பதுதான் சாதி. இந்த ஏற்பாடும் ஆதியிலிருந்து வந்ததல்ல. இந்திய மக்கட்குழுக்கள் பலவற்றை ஆராய்ந்து 2013-ல் வெளிவந்த மரபணு ஆய்வு, சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இங்கே பரவலாகக் கலப்பு நடந்தது, அகமணம் இறுகியது அதற்குப் பிறகுதான் என்று காட்டியது. கலக்காத கட்டம் யார் பட்டியலிலும் இல்லை.

6

அப்படியானால் பட்டியலே வேண்டாமா? வேண்டும். பெயரை அழித்தவர்களிடமிருந்து பெயரைப் பிடுங்கி எடுக்க அதுவும் ஒரு கருவி. எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதுதான் கேள்வி.

ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே பெயரோடு ஆதாரத்தையும் எழுத வேண்டும்: பத்திரமா, வாய்மொழியா, மரபணுவா, இவற்றில் எவை சேர்ந்து சொல்கின்றன? வாய்மொழியைப் 'பாட்டி கதை' என்று குறிப்புப் பகுதியில் தள்ளிவிடாமல் ஆதாரக் கட்டத்திலேயே, சொன்னவர் பெயரோடும் ஆண்டோடும் வைக்க வேண்டும். பெற்ற உறவையும் திருமண உறவையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். பலவந்தம் என்றால் பலவந்தம் என்று நிகழ்வாகவே எழுதலாம், மென்பொருள்களில் அதற்கு இடமுண்டு. இரண்டு எண் பெற்றவருக்குச் சிறிய எண்ணில் விவரத்தை வைத்து, பெரிய எண்ணில் '14: பார்க்க 4' என்று காட்டினால் போதும். சாதிக் கட்டத்தைக் காலியாக விடுவதா, ஒடுக்கப்பட்டவர் தம் வரலாறாக அதை நிரப்புவதா என்பது நிரப்புகிறவரின் அரசியல். மென்பொருள் கேட்கிறதே என்று மட்டும் நிரப்பக்கூடாது.

கோப்பு யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். 2018-ல் கலிபோர்னியக் காவல்துறை பழைய கொலைகாரன் ஒருவனைப் பிடித்தது அவன் கொடுத்த எச்சிலால் அல்ல, தூரத்துச் சொந்தக்காரர்கள் ஒரு பொதுத்தளத்தில் ஏற்றியிருந்த மரபணுவால். கொலைகாரன் பிடிபட்டது நல்லதுதான். நாளை அதே வழியில் யாரைத் தேடுவார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. ட்வெண்டிதிரீ-அண்ட்-மீ நிறுவனத்திலிருந்து 2023-ல் 69 லட்சம் பேரின் விவரங்கள் களவுபோயின. 2025 மார்ச்சில் அது திவால் மனுப் போட்டது, பிறகு சேர்த்துவைத்த மரபணுக்களோடு கைமாறியது. ஆகவே பட்டியலை ஜெட்காம் கோப்பாக இறக்கித் தன்னிடம் ஒரு படி வைத்துக்கொள்வதும், உயிரோடு இருப்பவர்களின் பெயரைக் கேட்காமல் ஏற்றாமலிருப்பதும் குறைந்தபட்ச எச்சரிக்கைகள்.

காலியான கட்டத்தை என்ன செய்வது? 'தெரியவில்லை' என்று போட்டால், ஏதோ தொலைந்துபோனது போலத் தொனிக்கும். யாரும் தொலைக்கவில்லை, எழுதக்கூடாதென்று எழுதாமல் விட்டார்கள். ஆகவே அந்த வரியை இப்படி எழுதலாம்: '15. பெண். ஆப்பிரிக்க இனத்தவள், வர்ஜீனியாவில் அடிமை. பெயரை எவரும் பதியவில்லை. ஆதாரம்: கொள்ளுப்பேரன் மாடிசன் ஹெமிங்ஸ், 1873.' விழுக்காடு 87.5-லேயே நிற்கட்டும்.