கைக்கு அளவான கையுறை

உழவுக்கும் அறுவடைக்கும் இயந்திரங்கள் வந்துள்ள போதிலும், நாற்றுப் பிடுங்குதல், களை எடுத்தல், வரம்பு கட்டுதல், மிளகாய் பறித்தல், பீடைநாசினி கலத்தல் முதலிய வேலைகள் இன்னும் கையாலேயே நடைபெறுகின்றன. இவ்வேலைகளிற் சிலவற்றுக்குக் கையுறை இன்றியமையாதது. கமக்காரரிற் பலர் இதனை அறிவர். ஆயினும், கடையிலே தொங்கும் சோடிகளுள் ஏதேனும் ஒன்றை, அளவும் பாராது, எவ்வேலைக்கு என்றும் எண்ணாது வாங்கிவருவதே வழக்கமாயிருக்கின்றது. பெருத்த கையுறைக்குள் விரல் உருள்வதால் கருவியின் பிடி நழுவும். சிறுத்த கையுறை கையை இறுக்கி விரைவில் சோரச்செய்வதோடு, விரல் முட்டுக்களின் மேல் இழுபட்டு மெலிந்து கிழியும். இரண்டும் அரைநாள் செல்லுமுன் கழற்றப்பட்டு வரம்பிலே கிடக்கும்.

கையை அளத்தல் எளிது. தையற்காரரின் அளவுநாடாவை, அதிகம் பயன்படும் கையின் உள்ளங்கையைச் சுற்றி, பெருவிரலை நீக்கி, மற்றை நான்கு விரல்களின் அடிமுட்டுக்களையொட்டிப் பிடித்தல் வேண்டும். நாடா காட்டும் அங்குலமே பெரும்பாலும் கையுறையின் இலக்கமாகும். 7 அங்குலச் சுற்றளவுக்கு 7ஆம் இலக்கமும், 8 அங்குலத்துக்கு 8ஆம் இலக்கமும், 9 அங்குலத்துக்கு 9ஆம் இலக்கமும் பொருந்தும். நாடா இல்லாதவர் ஒரு நூலாற் சுற்றி, அந்நூலை அடிமட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். விரல் நீண்டவர் நீளத்தையும் அளத்தல் நன்று. நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை, 8ஆம் இலக்கக் கைக்கு 7 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

இலக்கம் சரியாயினும் அணிந்து பாராது வாங்கலாகாது. கையை இறுக மூடும்போது புறங்கை வலித்து இழுபடலாகாது. விரித்து நீட்டும்போது விரல் நுனியில் வெறும் இடம் மடிந்து தொங்கலாகாது. விரலிடுக்குகளில் கையுறை தோலோடு படிந்திருத்தல் வேண்டும். அணிந்தவாறே ஒரு நாணயத்தை மேசையிலிருந்து எடுக்க முடியுமாயின், தெளிகருவியின் விசிறுமுனையைக் கழற்றிப் பூட்டவும் முடியும்.

ஒரு வீட்டிற்கு ஒரு சோடி என்ற கணக்கு இவ்விடத்திற் பொருந்தாது. கணவரின் 9ஆம் இலக்கக் கையுறையை அணிந்து மனைவி மிளகாய்க் கன்றுகளிடையே வேலை செய்வதை எங்கும் காணலாம். களை எடுப்பதிலும் காய் பறிப்பதிலும் பெரும்பங்கு பெண்களுடையதாயிருக்க, சிறிய இலக்கங்கள் நாட்டுப்புறக் கடைகளில் அரிதாகவே கிடைக்கின்றன. இறப்பர்க் கையுறைகளைப் பெருமளவிற் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் நாட்டில் இஃது ஒரு விந்தையே. கமக்காரர் அமைப்புக்கள் தம் உறுப்பினரின் இலக்கங்களைக் குறித்துக் கடைக்காரரிடம் ஒருங்கே கேட்பின் அவற்றை வருவித்துக்கொள்ளலாம்.

கையுறையாற் பெரும் நன்மை உண்டாவது பீடைநாசினியைக் கையாளும்போதாகும். தவறான கையுறையாற் பெருந்தீங்கு உண்டாவதும் அப்போதே. மருந்து என்று பேச்சில் வழங்கினும் அது நஞ்சே. தெளிக்கும் கரைசலிலும், போத்தலிலிருந்து ஊற்றி அளக்கும் செறிந்த திரவம் பன்மடங்கு கொடியது. அளந்து கலக்கும் சில நிமிடங்களுக்கு வெறுங்கையோடு இருந்து, தெளிக்கத் தொடங்கும்போது கையுறையைத் தேடுபவர் அபாயம் மிகுந்த வேளையைக் காப்பின்றிக் கழித்துவிடுகின்றார்.

காய்ப்பேறிய உள்ளங்கையில் நஞ்சு ஊறாது என்பது பரவலான நம்பிக்கை. பரதியோன் என்னும் பூச்சிநாசினியைக் கொண்டு நடத்தி 1971இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், உள்ளங்கை முன்னங்கைத் தோலினும் சற்றுக் கூடுதலாகவே நஞ்சை உறிஞ்சியமை காணப்பட்டது. இந்நாட்டில் 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகியனவும், 2008 தொடக்கம் 2011 வரையிற் படிப்படியாகப் பரகுவாற்றும் விலக்கப்பட்டன. எஞ்சியவை தோலுக்குத் தீங்கற்றவை என இதனாற் கொள்ளலாகாது.

பருத்தி நூற் கையுறையும் தோற் கையுறையும் இவ்வேலைக்கு முற்றாக ஆகா. அவை நஞ்சை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கழுவினாலும் அது முற்றாக நீங்காது. வெறுங்கையையாவது உடனே சவர்க்காரமிட்டுக் கழுவலாம். நனைந்த கையுறையோடு பொழுது முழுவதும் நிற்பவரோ நஞ்சினால் ஒத்தடம் போட்டுக்கொள்கின்றார். மருத்துவமனைகளிற் காணப்படும் மெல்லிய உறைகள் எளிதிற் கிழிவன. வீட்டுப் பாவனைக்குரிய இயற்கை இறப்பர் உறை நீருக்குத் தாங்கும். ஆனால் பல பூச்சிநாசினிகளிற் கலந்துள்ள கனிய எண்ணெய்க் கரைப்பான்கள் பட்டால் ஊதி நெகிழும். நைத்திரைல் என்னும் செயற்கை இறப்பராலான, உட்துணி அற்ற, ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர் தடிப்புள்ள, முன்னங்கையின் நடுவரை எட்டும் உறையே தக்கது. அதனை வாங்குமுன் போத்தலின் சுட்டுத்துண்டையும் வாசித்தல் வேண்டும்.

சட்டைக் கையின் நிலையும் கவனிக்கற்பாலது. கத்தரி, வெங்காயம் போன்ற தாழ்ந்த பயிர்களுக்குத் தெளிக்கையில் கை கீழ்நோக்கி இருக்கும். அப்போது சட்டைக் கை கையுறையின் வெளியே இருத்தல் வேண்டும். பாகல், புடோற் பந்தலின் கீழ் நின்று மேல்நோக்கித் தெளிக்கையிலோ, சட்டைக் கையை உறையினுட் செருகி உறையின் வாயைப் புறமாக மடித்துவிட வேண்டும். இல்லையேல் வழியும் கரைசல் உறைக்குள் இறங்கும்.

வேலை முடிந்ததும் உறையைக் கையில் இருக்கும்போதே சவர்க்காரமிட்டுக் கழுவி, பின்னரே கழற்றுதல் முறை. அதற்கு முன் அவ்வுறையோடு தொலைபேசியை எடுத்தலும் வெற்றிலைப் பையைத் தொடுதலும் நஞ்சை வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு ஒப்பாகும்.

அறுவடையில் நிலைமை வேறு. தாக்கத்தி பெரும்பாலும் வெட்டுவது தாளைப் பற்றும் கையையே. உள்ளங்கையிலும் விரல்களிலும் இறப்பர் பூசி, புறங்கை காற்றோட்டமான பின்னலாக விடப்பட்ட உறையை அக்கைக்கு அணியலாம். அது கூரிய வெட்டைத் தடுத்துவிடாது; தாளின் கீறலையும் சிறு காயத்தையும் குறைக்கும். சேற்றில் நாற்று நடுவோருக்கு இவ்வுறையும் உதவாது. பின்னலினுட் சேறு புகுந்து தோலை ஊறவைக்கும். அவர்கள் காயங்களை நீர் புகாதவாறு மூடிக்கொண்டே வயலில் இறங்குதல் வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சற் கிருமி தோற்காயத்தின் வழியே உடலிற் புகும். 2008இல் இந்நோய் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் அறிவிக்கப்பட்டது. போகம் தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு தடுப்பு மருந்துபற்றிக் கேட்டல் வேண்டும்.

கையுறையைக் கழற்றியே வைக்க வேண்டிய இடமும் ஒன்றுண்டு. ஓடும் சூடடிப்பு இயந்திரம், நீர்ப்பம்பியின் பட்டி, சுழலும் தண்டு ஆகியவற்றின் அருகே கையுறை ஆபத்தானது. பற்சில்லு உறையின் நுனியைப் பற்றினால் கையையும் உள்ளே இழுத்துவிடும். அடைபட்ட வைக்கோலை நீக்குவதாயின், முதலில் இயந்திரத்தை நிறுத்தி, சுழற்சி முற்றாக ஓய்ந்தபின் கை வைத்தல் வேண்டும்.

பீடைநாசினிக்குரிய உறையை ஒவ்வொரு முறையும் நீர் நிரப்பிப் பிழிந்து பார்த்தல் வேண்டும். துளை தெரியின் ஒட்டுப்போட்டுப் பாவித்தலாகாது. பிறர் எடுத்தணியாதவாறு விரல்களை வெட்டிவிட்டே அதனைக் கழித்தல் வேண்டும்.