பாடியவர் மகன், கேட்டது தந்தையின் குரல்!

"அட, இது மலேசியா வாசுதேவன் குரல் ஆயிற்றே!"

2024-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 'மனசிலாயோ' பாட்டு வெளிவந்தபோது ரசிகர்கள் இப்படித்தான் வியந்தார்கள். அது ரஜினிகாந்த் நடித்த 'வேட்டையன்' படப்பாட்டு.

வியப்புக்குக் காரணம் உண்டு. 'முரட்டுக்காளை'யில் ரஜினிக்குப் பாடிய மலேசியா வாசுதேவன், 2011-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி சென்னையில் காலமாகிவிட்டார். 13 ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பாடியது எப்படி?

அவர் பாடவில்லை. பாடியவர் அவருடைய மகன் யுகேந்திரன்!

எந்திரம் செய்யும் வேலை

தந்தையின் பழைய பாட்டுகளை முதலில் எந்திரத்துக்குக் கொடுக்கிறார்கள். அந்தக் குரலின் கனம், கரகரப்பு, குழைவு எல்லாவற்றையும் அது கற்றுக்கொள்கிறது. பிறகு மகன் பாடுகிறார். ராகம், தாளம், மூச்சு எல்லாம் மகனுடையவை. எந்திரம் குரலை மட்டும் மாற்றிவிடுகிறது. 'செயற்கை நுண்ணறிவு' என்று இதற்குப் பெயர்.

திரையில் நடிகர் வாயசைக்க, பாடகர் பாடுவது நமக்குப் பழகிய சங்கதி. இங்கே பாடகருக்கே ஒரு பின்னணிப் பாடகர்!

ஆகவே, "இது அவர் குரலா?" என்று கேட்டால் "ஆம்" என்றும் சொல்லலாம், "இல்லை" என்றும் சொல்லலாம். சந்தேகம் அங்கேதான் பிறக்கிறது.

ரகுமான் பெற்ற அனுமதி

அதே ஆண்டுத் தொடக்கத்தில் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர்.ரகுமான் இரண்டு குரல்களை மீட்டார். ஒன்று, 2022-ல் மறைந்த பம்பா பாக்யாவின் குரல். மற்றொன்று, 25 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்த சாகுல் அமீதின் குரல். 'ஊர்வசி ஊர்வசி' பாட்டை மறக்க முடியுமா?

செத்தவர் குரலை எடுக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். இரு குடும்பங்களிடமும் அனுமதி பெற்றதாகவும், தகுந்த ஊதியம் கொடுத்ததாகவும் ரகுமான் விளக்கினார்.

அக்காவின் குரல்

இளையராஜாவின் மகள் பவதாரிணி 2024 ஜனவரி 25-ந் தேதி இலங்கையில் புற்றுநோயால் மரணம் அடைந்தார். தியாகராயநகர் வீட்டில் உடல் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. ஐந்து மாதம் கழித்து, தம்பி யுவன் சங்கர் ராஜா இசையில் 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டில் அதே குரல் கேட்டது. அக்காள் குணமாகி வந்ததும் பாடவைக்க நினைத்த பாட்டு அது. கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். இந்தப் பாட்டில் அனுமதியைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்!

கேட்காமல் எடுத்த குரல்

எஸ்.பி.பாலசுப்பிரமணியம் குரலுக்கு நடந்தது வேறு. நுங்கம்பாக்கம் காம்தார் நகரில் வாழ்ந்த அவர் 2020-ல் மறைந்தார். 2023-ல் வந்த 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் அவர் குரலை எந்திரத்தால் உண்டாக்கினார்கள். குடும்பத்தாரை யாரும் கேட்கவில்லை என்று மகன் எஸ்.பி.சரண் வக்கீல் நோட்டீசு அனுப்பினார். தந்தையின் குரலுக்கு உயிர் கொடுப்பதை அவர் எதிர்க்கவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் செய்ததுதான் அவர் மனத்தைச் சுட்டது.

அமெரிக்காவிலும் சந்தேகம்

மைக்கேல் ஜாக்சன் 2009-ல் இறந்தார். அடுத்த ஆண்டு வந்த இசைத்தொகுப்பில் 3 பாட்டுகளைக் கேட்ட ரசிகர்கள், "இது அவர் குரலே அல்ல, யாரோ அவரைப்போல் பாடியிருக்கிறார்கள்" என்றார்கள். ஒரு ரசிகை 2014-ல் வழக்கே போட்டார். 2022-ல் அந்த 3 பாட்டுகளும் இணையத்தில் இருந்து எடுக்கப்பட்டன.

அங்கே, அவரே பாடியது என்று விற்றார்கள். அதனால்தான் வம்பு வந்தது. நம் ஊரில், எந்திரத்தால் செய்தது என்று சொல்லிவிட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பாடகர் அரிஜித் சிங் தம் குரலை எந்திரத்தால் நகல் எடுப்பதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2024-ல் பம்பாய் ஐகோர்ட்டு அவருக்குப் பாதுகாப்பு அளித்தது. ஆனால் அவர் உயிரோடு இருப்பவர்.

இறந்தவர் பாடு கடினம். போயஸ் தோட்டத்தில் வாழ்ந்த ஜெயலலிதாவைப் பற்றிய படத்தை எதிர்த்து அவர் அண்ணன் மகள் தொடர்ந்த வழக்கில், ஒருவர் தேடிய புகழும் அந்தரங்க உரிமையும் அவர் மரணத்தோடு மறைந்துவிடும் என்று 2021-ல் சென்னை ஐகோர்ட்டு கூறியது. அது படம் பற்றிய வழக்கு. குரல் பற்றியது அல்ல. ஆனாலும் வாரிசுகளுக்குக் கவலை தரும் தீர்ப்பு.

'மனசிலாயோ' பாட்டில் இந்தத் தகராறு எழவில்லை. பாடகர் பட்டியலில் மலேசியா வாசுதேவன் பெயர் இருக்கிறது. யுகேந்திரன் பெயரும் இருக்கிறது.